கண்ணுக்கு விருந்தளிக்கும் பாலிமர் களிமண்

நவராத்திரிக்கு வெற்றிலைபாக்கோடு என்ன வைத்துக் கொடுப்பது என்பது தலைநகரில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஆண்டுதோறும் வரும் கவலை. ரவிக்கைத் துணி கொடுத்தால் அது நாலு வீடு சுற்றி அடுத்த வருடம் நம் கைக்கே திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் டப்பா கொடுக்க மனம் வருவதில்லை. 2022-ஆம் ஆண்டு நவராத்திரிக்கு நான் ஒரு யோசனை செய்தேன். பாலிமர் களிமண்ணில் சின்னச் சின்னக் கிண்ணங்களாக என் கையாலேயே செய்து கொடுத்துவிடுவது என்று.

எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் களிமண்ணைப் படியவைத்து, ஓவனில் சுட்டு எடுத்தேன். சிவப்பில் வெள்ளைப் புள்ளிக் கோலம். மொத்தம் பதினொன்று. வந்தவர்கள் எல்லாம், "மாமி, கடையில் வாங்கியது மாதிரியே இருக்கிறதே!" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் மாடி வீட்டுக்குப் பட்சணம் எடுத்துக்கொண்டு போனேன். மதுரைப் பக்கத்துப் பெண். ஒன்றரை வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். நெய்யும் பருப்புமாக, சூடான சாதம், என் கோலக் கிண்ணத்தில்! "மாமி, உங்க கிண்ணத்தைக் காட்டினாத்தான் இவ வாயைத் திறக்கிறா" என்றாள். நான் பூரித்துப் போய் வீட்டுக்கு வந்து, பெங்களூரில் இருக்கும் என் பெண்ணிடம் தொலைபேசியில் அளந்தேன். அவள் வேதியியல் படித்தவள். மறுமுனையில் ஒரு நிமிடம் சத்தமே இல்லை. பிறகு, "அம்மா, அந்தக் களிமண் வந்த உறையில் என்ன போட்டிருக்கு என்று பார்த்தாயா?" என்றாள்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பொடி எழுத்தில், உணவு படும் பொருள்களுக்கு இதை உபயோகிக்கக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மாடிக்கு ஓடினேன். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் துறுதுறுவென்று இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எனக்கு உண்டான பயம் வேறு யாருக்கும் வரக் கூடாது. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான். இந்தக் கலையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நானும் விடவில்லை. எதை எதில் செய்யலாம், எதுவரை செய்யலாம் என்று தெரிந்துகொண்டு செய்தால் இதைப்போல மனதுக்கு இதமான பொழுதுபோக்கு வேறில்லை.

மண் இல்லாத களிமண்

பாலிமர் களிமண் என்று பெயர் இருந்தாலும் இதில் மண் கிடையாது. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதனால் ஆனதோ அதே பி.வி.சி.தான். அதை மாவு போன்ற நுண்துகளாக்கி, இளக்கி என்று சொல்லக்கூடிய எண்ணெய் போன்ற ஒரு திரவத்தையும், வண்ணப் பொடிகளையும் சேர்த்துப் பிசைந்திருக்கிறார்கள். அதனால்தான் அது காற்றில் காய்வதில்லை. சூடு படுத்தும்போது அந்தத் துகள்கள் இளக்கியைக் குடித்து, உப்பி, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பொருளாகிவிடுகின்றன. ஆறியதும் கெட்டிப்படுகிறது.

இதன் பூர்வீகம் ஜெர்மனி. அங்கே பொம்மைகளுக்குப் பெயர் போன கேத்தே குரூஸ் அம்மையாரின் மகளுக்கு வீட்டில் ஃபிஃபி என்று செல்லப் பெயர். அவர் பக்குவப்படுத்திய கலவையை 1964-ல் எபர்ஹார்டு ஃபாபர் என்ற பென்சில் நிறுவனம் வாங்கி, ஃபிமோ என்ற பெயரில் விற்றது. இன்று அது ஸ்டெட்லர் நிறுவனத்தின் சரக்கு. அமெரிக்காவிலிருந்து வருவது ஸ்கல்பி. இரண்டுமே 57 கிராம் கட்டிகளாக நம் ஊரிலும் கிடைக்கின்றன.

குயவர் மண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். தில்லியில் நாம் வாங்கும் பீங்கான் கோப்பைகளில் பல உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் செய்தவை. அவற்றை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் மேலே பூசிய மெருகு கண்ணாடியாக உருகிப் படிந்து, குழம்பும் மோரும் உள்ளே இறங்காமல் காக்கிறது. நம் பாலிமர் களிமண்ணையோ அவ்வளவு சூட்டில் சுடவே முடியாது. அதற்குக் கண்ணாடி மெருகு என்ற கவசம் வாய்க்க வழியே இல்லை.

ஏன் சாப்பிடக் கூடாது?

"விஷமில்லாதது என்று உறையில் போட்டிருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். கையால் பிசைந்து விளையாடுவதற்கு ஆபத்தில்லை என்பதுதான் அதற்குப் பொருள். அதில் வைத்துச் சாப்பிடலாம் என்று பொருள் இல்லை. காரணங்கள் மூன்று.

முதலாவது, நான் சொன்ன அந்த இளக்கி. அது பி.வி.சி.யோடு ரசாயன முறையில் பிணைந்துவிடுவதில்லை. பஞ்சில் எண்ணெய்போல் உள்ளே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சூடும் கொழுப்பும் கண்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். நெய் விட்ட பருப்புசாதத்தில் இரண்டும் இருக்கின்றன என்பதைச் சொல்லத் தேவையில்லை. தாலேட்டு என்ற வகை இளக்கிகளில் சிலவற்றுக்கு, குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களில் வரம்பு கட்டி 2008-ல் அமெரிக்கா சட்டமே போட்டது. பெரிய நிறுவனங்கள் அந்த வகைகளை விட்டுவிட்டன. ஆனாலும் அவர்களே இன்றுவரை உணவுக்கு வேண்டாம் என்றுதான் அச்சிடுகிறார்கள்.

இரண்டாவது, இதன் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்கள் எளிதில் விழும். அவற்றில் உணவுத் துணுக்கு தங்கினால் கிருமி வளரும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு அலம்பவும் முடியாது. மஞ்சள் கறை பட்டால் போகவே போகாது.

மூன்றாவது, "மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் சரியாகிவிடாதா?" என்ற கேள்வி. ஆகாது. அந்த வார்னிஷும் உணவுக்காகச் செய்ததல்ல. நாலு முறை தேய்த்துக் கழுவினால் அதுவும் உரிந்து வரும்.

இரண்டு விரல் கணக்கு

பின் மேஜைச் சாமான்களை இதில் செய்வதே தப்பா என்றால், இல்லை. நான் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான். உணவும் உதடும் படும் இடத்தில் எவர்சில்வரோ, கண்ணாடியோ, பீங்கானோ இருக்கட்டும். கண்ணும் கையும் படும் இடத்தில் களிமண் இருக்கட்டும்.

டம்ளர் அல்லது கோப்பையானால் வெளிப்பக்கத்தில் மட்டும் வேலை. விளிம்பிலிருந்து இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றும் ஒட்டாமல் விட்டுவிட வேண்டும். நம்மில் பலர் தூக்கிக் குடிப்பவர்கள்தான். அதற்காக விளிம்புவரை ஒட்டிவிடாதீர்கள். வருகிறவர்கள் அப்படிக் குடிப்பார்கள் என்று என்ன நிச்சயம்? குழந்தைகள் கடிக்கவும் செய்யும். அடியிலும் அரை விரல் இடம் விடுங்கள். கழுவும் தொட்டியில் தேங்கும் தண்ணீர் களிமண்ணுக்கு அடியில் புகாமல் இருக்கும்.

கரண்டி, ஸ்பூனானால் கைப்பிடியில் மட்டும். குழியிலிருந்து நாலு விரல் தள்ளி ஆரம்பியுங்கள். தட்டில் களிமண் வேலையே வேண்டாம். பிஸ்கட்டோ முறுக்கோதானே என்று நினைக்கத் தோன்றும். இன்றைக்கு முறுக்கு வைக்கும் தட்டில் நாளைக்கு யாராவது தயிர்வடை வைப்பார்கள்.

இவை தவிர, சாப்பாடு அருகிலேயே வராத சாமான்கள் எத்தனையோ உண்டு. கைத்துடைக்கும் துணியைச் செருகும் வளையம், விருந்தினர் பெயர் எழுதி வைக்கும் சிறு பீடம், ஊறுகாய் ஜாடி மூடியின் வெளிக் குமிழ், நாலு மூலையிலும் அலங்காரம் வைத்த டைல்ஸ் துண்டு. டைல்ஸின் நடுவை வெறுமையாக விட்டால் காபி டவராவை அதன் மேல் வைக்கலாம்.

தேவையான பொருட்கள்

பாலிமர் களிமண் கட்டிகள், முழுதும் எவர்சில்வரால் ஆன ஸ்பூன்கள், வழவழப்பான ஒரு டைல்ஸ், உருட்டுவதற்கு ஒரு கண்ணாடி பாட்டில், கட்டர் பிளேடு, குண்டூசி, இரண்டு ஐஸ்கிரீம் குச்சிகள், ஃபெவிகால், கொஞ்சம் ஸ்பிரிட், 400, 600, 1000 எண் உப்புத்தாள்கள். அத்துடன் ஓ.டி.ஜி. என்ற மின்சார ஓவனும், அதற்குள் வைக்கும் ஒரு வெப்பமானியும். மைக்ரோவேவ் முறை இதற்கு உதவாது.

ஒருமுறை களிமண் வேலைக்கு எடுத்த எந்தச் சாமானும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. பூரிக்கட்டையை எடுக்காதீர்கள். களிமண்ணை மர மேஜை மேலும் வைக்காதீர்கள். இளக்கி வார்னிஷைத் தின்றுவிடும். என் மாமியார் காலத்துத் தேக்கு மேஜையில் அப்படி ஒரு வட்டம் இன்றும் இருக்கிறது.

செய்முறை

முதலில் ஸ்பூன் கைப்பிடியில் பழகுங்கள். ஒரு கட்டியில் நாலைந்து கைப்பிடிகள் தேறும்.

ஸ்பூனைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைக்கவும். விரல் எண்ணெய் இருந்தால் களிமண் பிடிக்காது. கைப்பிடியில் ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவி, வெள்ளை நிறம் போய்த் தெளிவாகும்வரை காயவிடவும்.

களிமண்ணைப் பத்து நிமிடம் கையால் நன்றாகப் பிசையவும். சப்பாத்தி மாவு மாதிரிதான். எவ்வளவு பிசைகிறீர்களோ அவ்வளவு உறுதி. வெள்ளையையும் வெளிர் நிறங்களையும் முதலில் பிசைந்துவிட்டு, கறுப்பு சிவப்புக்குப் பிறகு போங்கள். இல்லாவிட்டால் வெள்ளை அழுக்காகிவிடும். நம் ஊர்த் தூசியும் வெள்ளையைத்தான் தேடி வந்து ஒட்டும்.

டைல்ஸின் இரு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சிகளை வைத்து, நடுவில் களிமண்ணை வைத்து, பாட்டிலை இரண்டு குச்சிகளின் மேலுமாக உருட்டினால் ஒரே சீரான, சுமார் 2 மில்லிமீட்டர் கனத் தகடு கிடைக்கும். அதை அளவாக வெட்டிக் கைப்பிடியில் சுற்றவும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வந்தால் காற்று வெளியேறிவிடும். எங்காவது குமிழ் தெரிந்தால் குண்டூசியால் குத்தி அமுக்குங்கள். விட்டால் ஓவனில் அது கொப்புளமாக எழும்.

டம்ளரானாலும் முறை இதேதான். ஆனால் இரண்டு சுவர் கொண்ட, சூடு காக்கும் டம்ளரையும், உள்ளே வெற்றிடமுள்ள பருத்த கைப்பிடிகளையும் ஓவனில் வைக்கவே கூடாது. உள்ளே அடைபட்ட காற்று விரிந்தால் ஆபத்து. ஊரிலிருந்து கொண்டுவந்த, பெயர் வெட்டிய டம்ளர் உங்களிடம் இருக்கும். என் அம்மாவின் டம்ளர் ஒன்றில் அவசரப்பட்டுச் சுற்றி ஒட்டிவிட்டு, சுடுவதற்கு முன்னால்தான் அம்மாவின் பெயரை மூடிவிட்டேன் என்று கவனித்தேன். பிளேடால் பெயரைச் சுற்றி ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். இப்போது அந்தச் சதுரம்தான் அந்த டம்ளருக்கே அழகு.

வெண்டைக்காய் வித்தை

பூ வேலை செய்வது எப்படி என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெண்டைக்காயை நறுக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் நறுக்கினாலும் அதே ஐந்து இதழ் பூ. இதன் ரகசியமும் அதுவே. மஞ்சள் களிமண்ணில் ஒரு குச்சி உருட்டி, அதைச் சுற்றி ஐந்து சிவப்புக் குச்சிகளை அடுக்கி, இடைவெளிகளில் வெள்ளையை நிரப்பி, வெளியே ஒரு வெள்ளைத் தகட்டைச் சுற்றுங்கள். இப்போது நாலு சென்டிமீட்டர் கனத்தில் குட்டையான ஒரு தண்டு கிடைக்கும். அதை நடுவில் பிடித்து, திருப்பித் திருப்பி அழுத்தி, மெதுவாக நீட்டி ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். பூவும் உள்ளே அதே உருவில் சிறுத்துக்கொண்டே வரும். கொஞ்ச நேரம் குளிர்ச்சியில் வைத்துக் கெட்டியானதும் புதுப் பிளேடால் மெல்லிய வில்லைகளாக நறுக்கவும். ஒவ்வொரு வில்லைக்கும் தண்டைக் கால் சுற்றுத் திருப்பிக்கொண்டால் நசுங்காது. இரண்டு முனைகளும் கோணலாகத்தான் இருக்கும், ஒதுக்கிவிடுங்கள். இத்தாலியில் வெனிஸ் நகரத்துக் கண்ணாடி வேலைக்காரர்களின் மில்லெஃபியோரி என்ற பழைய உத்தி இது. அவர்கள் மொழியில் ஆயிரம் பூக்கள் என்று பொருள்.

நம் புடவைக் கரைகள் இதற்கென்றே பிறந்தவை. முக்கோணக் குச்சிகளை வரிசையாக அடுக்கினால் கோபுரக் கரை; வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றினால் மயில்கண். காவி நிறத் தகட்டில் வெள்ளைப் பொட்டுகளை அமுக்கினால் செம்மண்ணில் வைத்த கோலப் புள்ளிகள்.

சுடும் பக்குவம்

இங்கேதான் நான் முதல் தடவை சூடு பட்டேன். கேக்குக்கு வைக்கிற பழக்கத்தில் 180 டிகிரியில் திருகிவிட்டேன். பத்து நிமிடத்தில் கறுத்துப்போய், தொண்டையைக் கமறும் நாற்றம். பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்; கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கும். உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள்.

ஃபிமோவுக்கு 110 டிகிரியில் அரை மணி. ஸ்கல்பிக்கு சுமார் 130 டிகிரி, ஒவ்வொரு 6 மில்லிமீட்டர் கனத்துக்கும் கால் மணி வீதம். உறையில் போட்டிருப்பதே கணக்கு. ஓவனின் திருகில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். என் ஓவன் 130 என்று வைத்தால் 150 காட்டும். அதனால்தான் தனி வெப்பமானி. சாமானைக் குளிர்ந்த ஓவனில் வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி கவிழ்த்துவிட்டு, பிறகு சூடேற்றுங்கள். முடிந்ததும் உள்ளேயே ஆறவிடுங்கள். கண்ணாடியானால் இது மிகவும் முக்கியம். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் விரிசல் விடும். களிமண் வேகும்போது கூடவே உணவு எதையும் வைக்கக் கூடாது. ஒரு பழைய ஓவனை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது உத்தமம். என்னுடையது பால்கனியில் இருக்கிறது.

ஆறியதும் 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். நனைத்துத் தேய்த்தால் தூள் பறந்து மூக்கில் ஏறாது. பிறகு பழைய ஜீன்ஸ் துணியால் துடைத்தால் பளபளக்கும். நகப்பூச்சை மட்டும் அடிக்காதீர்கள். சில நாளில் பிசுபிசுத்துவிடும்.

வெயிலும் குளிரும்

ஜனவரிக் குளிரில் களிமண் கல்லாக இருக்கும், பிசைந்தால் உதிரும். கட்டியைப் பையில் போட்டுக் கம்பளிக்குள் அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். மே, ஜூன் மாதத்தில் நேர்மாறாகக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்போது வெள்ளைத் தாள் இரண்டின் நடுவே தகடாக வைத்து மேலே புத்தகம் ஏற்றினால், தாள் கொஞ்சம் இளக்கியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ஜூன் மாதம் கூரியர்காரர் என் பொட்டலத்தை வெயிலடிக்கும் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். மாலையில் எடுத்தால் பாதி வெந்திருந்தது! மீந்த களிமண்ணைப் பாலிதீன் உறையில் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் போட்டு நிழலில் வையுங்கள்.

முடிந்த சாமான்களைக் கையால், வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுங்கள். ஊறப் போடாதீர்கள். பாத்திரம் கழுவும் இயந்திரமும் வேண்டாம்.

ஓவன் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். ஃபெவிக்ரில் மோல்டிட் போன்ற, இரண்டு பகுதியாக வரும் களிமண்ணைக் கலந்தால் தானே இறுகிவிடும். கலக்கும்போது கையுறை அவசியம். ஆனால் அதுவும் உணவுக்கு ஆகாது. இரண்டு விரல் கணக்கு அதற்கும் உண்டு.

பதினோராவது கிண்ணம்

மாடி வீட்டிலிருந்து இறங்கிய அன்றே மற்றவர்களுக்கும் தொலைபேசினேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைப்போல் வெட்கமான காரியம் உண்டா? ஆனாலும் ஒருவர்கூடத் தப்பாக நினைக்கவில்லை. ஒரு வாரத்தில் பத்துக் கிண்ணங்கள் திரும்பிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பதிலாக எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தேன்.

மீதி ஒன்று மயூர் விஹாரில், எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டியிடம். அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் கார்த்திகைக்குப் பிறகுதான் பார்க்க முடிந்தது. கிண்ணம் பூஜை அலமாரியில் இருந்தது. துளசி மிதக்கும் தண்ணீரோடு. தினமும் காலையில் அந்தத் தீர்த்தத்தைத்தான் சாப்பிடுகிறாராம். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். பாட்டி எழுந்து, தண்ணீரைத் தொட்டியிலிருந்த செடிக்கு ஊற்றிவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து என்னிடம் காட்டினார். "திருப்பித் தர மாட்டேன்டி. கொலுவிலே செட்டியார் கடைக்கு ஒரு பாத்திரம் குறையறது. அவர் என்ன, சாப்பிடவா போறார்?" என்றார்.

அடுத்த நவராத்திரிக்குப் போனபோது செட்டியார் பொம்மையின் முன்னால் அது இருந்தது, நிறையப் பச்சரிசியோடு. நான் அந்த வருடம் எல்லாருக்கும் கொடுத்தது கோபுரக் கரை போட்ட ஸ்பூன். ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு வைத்தேன்: "அலங்காரம் கைப்பிடியோடு சரி, கையால் கழுவவும்." நீங்கள் யாருக்காவது செய்து கொடுத்தாலும் அந்தச் சீட்டை மறக்காதீர்கள். அதைத் தமிழிலும் எழுதுங்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் மொழியிலும் எழுதுங்கள்.